முழங்கால் தெரியவில்லை

"மிக நன்று! தொடருங்கள்!" என்று பாராட்டும். பிடிக்காவிட்டால், "இன்னும் கீழே செல்லவும்" என்று அதட்டும். கம்பெனியில் எங்கள் லைனின் முகப்பில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்த கைபேசிக்குள்ளிருந்து வந்த பெண்குரல் அது. எங்கள் பக்கத்தில் எவரும் எவரையும் பார்த்து மிக நன்று என்று சொல்லி நான் கேட்டதில்லை. எங்கோ ஒரு குளிர் அறையில் உட்கார்ந்து யாரோ எழுதிக் கொடுத்த தமிழ். அந்தக் குரலை நான் வெறுத்தேன். இதை எழுதும்போதும் அந்த வெறுப்பு குறையவில்லை. குறைய வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

நான் மண்ணூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அம்மாவுக்குக் கையெழுத்து வராது. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். தண்டலம் பக்கத்தில் பாலிடெக்னிக் முடித்து, எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவோடு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பயிற்சி ஆளாகச் சேர்ந்தேன். கார்களுக்குள் போகும் மின்னணுப் பலகைகள் செய்கிற கம்பெனி. பயிற்சிக் காலம் முடிந்ததும் சிலரை நிரந்தரம் செய்வார்கள். மற்றவர்களுக்கு ஒரு சான்றிதழும், வாசல்வரை வந்து ஒரு டாட்டாவும். நிரந்தரம் ஆகிற முதல் ஆளாக நான் இருப்பேன் என்று நினைத்தேன். என் பெஞ்சிலிருந்து போய்ப் பழுது என்று திரும்பி வந்த பலகைகள் மிகக் குறைவு. இதைப் பணிவாகச் சொல்ல எனக்கு வராது.

ஷிப்ட் தொடங்குமுன் உடற்பயிற்சி செய்வது அந்தக் கம்பெனியின் வழக்கம். முன்பெல்லாம் எங்களில் ஒருத்தி லைனுக்கு முன்னால் நின்று எண்ணுவாள். கையைத் தூக்கு, இறக்கு, இடுப்பைத் திருப்பு, அவ்வளவுதான். பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் செய்வார்கள். என் முறை வரும்போது நான் சத்தமாக எண்ணுவேன். அடுத்த லைன் ஆண்கள் என் எண்ணிக்கைக்குத் தங்கள் கையைத் தூக்குவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒருநாள் மனிதவளப் பிரிவு அதிகாரி கைபேசியையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். இனி எண்ணுவதற்கு ஆள் வேண்டாம், ஏஐ எண்ணும் என்றார். அடையாள அட்டையை முதலில் கேமராவுக்குக் காட்ட வேண்டும். பிறகு இரண்டு இரண்டு பேராக எதிரில் நின்று இருபது ஸ்குவாட். சரியாகச் செய்தால்தான் எண்ணும். சரியில்லாததை எண்ணாது. ஒவ்வொருவருக்கும் மாதக் கடைசியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் வரும். நிரந்தரம் செய்யும்போது அந்த நிறத்தையும் பார்ப்பார்கள்.

"ஸ்குவாட்னா இன்னா சார்?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

அவர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு அரைகுறையாக உட்கார்ந்து எழுந்து காட்டினார்.

"ஐய, தோப்புக்கரணம்! காதப் புடிச்சிக்கலாமா சார்?"

லைன் முழுக்கச் சிரித்தது. ஆனால் முதல் நாள் மூன்று பேர் நிஜமாகவே கையை மாற்றிக் காதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். சின்ன வயதிலிருந்து பிள்ளையார் முன்னால் பழகிய உடம்பு, கீழே போகும்போது கை தானாகக் காதுக்குப் போகிறது. "கைகளை முன்னே நீட்டவும்" என்றது குரல். அவர்கள் எவ்வளவு ஆழமாக உட்கார்ந்தும் ஒன்றுகூட எண்ணவில்லை.

அந்தக் கம்பெனியின் வாசலில் எங்கள் கைபேசிகளின் கேமராக் கண்ணில் செக்யூரிட்டி ஸ்டிக்கர் ஒட்டுவார். உள்ளே எதையும் படம் எடுக்கக் கூடாது. எங்கள் கண்ணை ஒட்டி மூடிவிட்டுத் தங்கள் கண்ணை எங்கள்மேல் திறந்து வைத்தார்கள். இதை அன்றைக்கே கவனித்தேன். கவனித்தும் செய்தேன். எனக்கு உட்கார்ந்து எழ வராதா என்ன?

வந்தது. ஆனால் அது எண்ணவில்லை.

காரணம் என் கோட்டு. பலகைகளைத் தொடுகிறவர்கள் எல்லோரும் ஒரு நீலக் கோட்டு போட வேண்டும். நம் உடம்பிலும் துணியிலும் சேருகிற நிலைமின்சாரம் கண்ணுக்குத் தெரியாமல் பலகையைக் கொன்றுவிடும். அதைத் தடுக்கத்தான் அந்தத் துணியில் மெல்லிய கம்பி இழை ஓடுகிறது. தரையில் வரைந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி லைனுக்குள் வந்துவிட்டால் கடைசிப் பொத்தான்வரை போட்டிருக்க வேண்டும். கம்பெனி வாங்கியதெல்லாம் ஆண்கள் அளவு. அதில் சின்னதும் எனக்குப் பெரிது. அது என் முழங்காலைத் தாண்டித் தொங்கும். நான் உட்காரும்போது கோட்டு கூடாரம்போல விரிந்துகொள்ளும். உள்ளே என் தொடை தரைக்கு இணையாகத்தான் இருக்கிறது. வெளியே நீலத் துணி மட்டும் தெரிகிறது.

"உங்கள் முழங்கால் தெரியவில்லை" என்றது குரல். ஸ்பீக்கரில், லைன் முழுக்கக் கேட்கும்படி.

அடுத்த லைனில் ஒருவன் சத்தமாகச் சொன்னான்: "இன்னா மேடம், முட்டி காணாமப் பூட்ச்சா?"

"உன் ரிஜெக்ட் பெட்டியில தேடிப் பாரு. அதுல இல்லாத பொருளே கிடையாது."

அவனுடைய லைனே சிரித்தது. ஆனால் திரையில் என் பெயருக்கு நேரே சைபர்தான் இருந்தது.

லைன் லீடரிடம் போனேன். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். யாருக்கும் எதற்கும் இல்லை என்று சொல்லமாட்டார், எதையும் செய்தும் தரமாட்டார்.

"ணா, சின்ன சைஸ் கோட்டு குடுங்க."

"ஸ்டோர்ல அதாம்மா சின்னது."

"அப்ப நானே டெய்லராண்ட குடுத்து அடிப்பக்கம் மடிச்சித் தச்சிக்கறேன்."

"ஐயையோ. கம்பெனிப் பொருள்மா. ஊசி போட்டா கேள்வி வரும்."

"ஸ்டாண்ட மஞ்சக் கோட்டுக்கு வெளிய வைங்க. கோட்டு போடறதுக்கு முன்ன செஞ்சிட்டு உள்ள வர்றோம்."

"லைன் வாரியா ரிப்போர்ட் போவுதும்மா. ஸ்டாண்டு லைன்லதான் இருக்கணும்." குரலைத் தாழ்த்தினார். "கீழ ரெண்டு பட்டன அவுத்து வுட்டுக்கோயேன். நான் பாக்கல."

நான் அவிழ்க்கவில்லை. அந்தப் பொத்தான் விதிக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைப் படித்துத் தேறியவள் நான். பொய்யான ஒரு விதிக்காக உண்மையான ஒரு விதியை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. அதை அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பாவம் என்ற சொல் இருந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வழியைக் கண்டுபிடித்தது என் தோழி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள். இருங்காட்டுக்கோட்டையில் நான்கு பெண்களோடு ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். என் பெஞ்சுக்கு அடுத்த பெஞ்சு. மதியம் என் டப்பாவை அவளும் அவள் டப்பாவை நானும் திறப்போம். அவளுக்கும் என்னைப்போலவே கோட்டு பெரிது, திரையில் சைபர். ஒருநாள் கேமரா முன்னால் நிற்கும்போது அவள் கழுத்திலிருந்து அடையாள அட்டை கழன்று விழுந்தது. எடுக்கக் குனிந்தாள்.

"ஒன்று. மிக நன்று!" என்றது குரல்.

அவள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு காலை மடக்காமல், இடுப்பை மட்டும் வளைத்து மறுபடியும் குனிந்தாள். "இரண்டு. தொடருங்கள்!" இன்னொரு முறை. "மூன்று."

தலை இடுப்பை நெருங்கி இறங்கி மேலே வந்தால் போதும் என்று அந்தச் சனியன் நினைத்துக்கொண்டிருந்தது. முழங்கால் தெரியாதபோது தலையைப் பார்த்து யூகித்திருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்தால் தலையும் இடுப்பும் சேர்ந்தே இறங்கும், அது கணக்கில் வராது; குனிந்தால் மடங்காத காலைக் கோட்டு மறைத்துவிடும்.

"ஏட்டி, பாத்தியா? இதுக்கு ஒண்ணும் தெரியல! சும்மா கும்பிடு போட்டா எண்ணுது!"

நானும் சிரித்தேன். அந்த நிமிடத்தில் எனக்குச் சந்தோஷம்தான். தவறு வெளியே வந்துவிட்டது, இனி எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். என் படிப்பு எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தது. அளவுகோல் பிழை என்றால் அளவுகோலைச் சரி செய்வார்கள். டெஸ்டர் தப்பாகக் காட்டினால் பலகையைத் தூக்கிப் போடமாட்டோம், டெஸ்டரைத்தான் கழற்றுவோம்.

அந்த வாரத்திலேயே லைன் முழுக்கக் குனிய ஆரம்பித்தது. கோட்டு சரியாக இருந்தவர்களும் ஸ்டோரில் பெரிதாகக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு குனிந்தார்கள். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்யப்போகிற முழங்காலை எதற்குச் செலவழிப்பது? அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. நீலக் கோட்டும் தொப்பியும் முகமூடியும் போட்ட பெண்கள், இரண்டு இரண்டு பேராக ஒரு கைபேசியின் முன்னால் வந்து நின்று இருபது முறை தலை வணங்கிவிட்டுப் போனார்கள். அது ஒவ்வொருத்தியையும் பாராட்டியது. லைன் லீடர் கையைக் கட்டிக்கொண்டு மேற்கூரையைப் பார்த்தார்.

நான் மட்டும் உட்கார்ந்து எழுந்தேன். ஒவ்வொரு நாளும். முழுதாக. "இன்னும் கீழே செல்லவும்." போனேன். "இன்னும் கீழே செல்லவும்." இதற்குக் கீழே தரைதான் இருந்தது.

கம்பெனி பஸ்ஸில் தோழி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எதுக்குட்டி இப்படி வீம்பு பிடிக்க? மாசத்தோட டிரெயினிங்கும் முடியப் போகுது. செவப்பு வந்துச்சுன்னா உன்னை எடுக்க மாட்டாங்க."

"நான் செய்யறேன். அதுக்கு எண்ணத் தெரியல. யாரு தப்பு?"

"யாரு தப்புன்னு கேட்டா சம்பளம் போடுதாங்க? இருபது தடவ குனி. அஞ்சு நிமிசம். யாரு பாக்கா?"

"நான் பாக்கறேன்."

"ஆமா, நீ பெரிய கலெக்டரு." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நீ வீட்டுச் சோறு திங்க. நான் மாசா மாசம் ஊருக்கு அனுப்பணும். எனக்கு உன்ன மாதிரி நிக்க முடியாதுட்டி."

அது உண்மைதான். ஆனால் அதற்காக நான் ஏன் குனிய வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அதன்பிறகு டப்பாக்களைத் தனித்தனியாகத் திறந்தோம்.

வீட்டில் சொன்னது என் பிழை. அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"குனிஞ்சா இன்னாடி தேஞ்சா பூடுவ?"

"அது எக்ஸர்சைஸே இல்லம்மா. பொய்."

"மெசினாண்டதான பொய் சொல்ற. மனுசாளாண்டயா சொல்ற?"

"அதுக்கா என்ன படிக்க வெச்ச?"

"வேலைக்குப் போறதுக்குத்தான்டி படிக்க வெச்சேன். வேலை குடுக்கறவனோட மல்லுக்கு நிக்கறதுக்கா?" பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "உடம்புல தெம்பில்லன்னு எழுதி வெளிய அனுப்பிட்டான்னு வெச்சுக்கோ, நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் காதுல அது வுழாதா? உனுக்கு இன்னா சீக்கோன்னு கேக்கமாட்டான்?"

அப்படி ஒருத்தன் கேட்டால் அவன் முன்னாலேயே உட்கார்ந்து எழுந்து காட்டுகிறேன், எண்ணிக்கொள்ளட்டும் என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ஆங்கிலத்தில். கோட்டின் நீளம், கேமராவின் உயரம், அது எதை எண்ணுகிறது, எதை எண்ணவில்லை என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். யார் குனிகிறார்கள் என்று யார் பெயரையும் எழுதவில்லை. குனிந்தால் எண்ணுகிறது என்று மட்டும் எழுதினேன். சரிசெய்ய மூன்று வழிகளையும் சொன்னேன். நான் எழுதியவற்றில் அதைவிடச் சுத்தமான ஒன்று இல்லை.

அதிகாரி தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். அதே கழுத்துப் பட்டை. உட்காரச் சொன்னார்.

"மெயில் நல்லா இருந்துச்சு. யார் எழுதிக் குடுத்தா?"

"நான்தான் சார்."

"பரவாயில்ல சொல்லு. லைன் லீடரா?"

"நான்தான் சார் எழுதினேன்."

"ஓ." கொஞ்ச நேரம் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும்மா. குனிஞ்சா எண்ணும்னு இங்க வெக்கறதுக்கு முன்னாடியே தெரியும். வித்தவங்களுக்கும் தெரியும்."

எனக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை.

"தெரிஞ்சும் அத வெச்சா ஆள் எடுக்கறீங்க?"

"எதையாவது வெச்சு எடுக்கணும்ல?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். "நாற்பது பேர் இருக்கீங்க. எல்லாரும் நல்லாத்தான் வேலை செய்யறீங்க. எல்லாரையும் எடுக்க முடியுமா? உன்னாலதான் நான் போனேன்னு நாளைக்கு யாரும் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லக் கூடாது. மெஷின் சொல்லிச்சுன்னா சண்டை வராது."

அவ்வளவு நாளும் அந்தக் கைபேசிக்குக் கண் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குக் கண் தெரிய வேண்டும் என்ற அவசியமே அங்கே யாருக்கும் இல்லை.

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு கைபேசியை எடுத்து மேசைமேல் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து நிறுத்தினார். "உன் ரெக்கார்டு நல்லா இருக்கு. அதனால சொல்றேன். அந்தக் கோட்டப் போட்டுக்கோ. இங்கயே இருபது போடு. மாசக் கணக்குல இதை ஏத்திடறேன். மஞ்சளாவது வரும். உன்ன எடுக்க அது போதும்."

மடித்துக் கையில் வைத்திருந்த கோட்டைப் போட்டுக்கொண்டேன். கடைசிப் பொத்தான்வரை போட்டேன். அட்டையைக் காட்டினேன். கையை முன்னால் நீட்டினேன். உட்கார்ந்தேன்.

"உங்கள் முழங்கால் தெரியவில்லை."

எழுந்தேன். உட்கார்ந்தேன்.

"இன்னும் கீழே செல்லவும்."

"குனிம்மா" என்றார் அவர். "சும்மா குனி."

உட்கார்ந்தேன். எழுந்தேன். நானே வாய்விட்டு எண்ணினேன், லைனுக்கு முன்னால் நின்று எண்ணுகிற அதே சத்தத்தில். கண்ணாடிக்கு வெளியே இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நாற்காலியில் நெளிந்தார். மெதுவா, மெதுவா என்றார். இருபது வரை எண்ணி முடித்து நின்றேன். தொடை நடுங்கியது. அதை அவர் பார்க்காதபடி கோட்டு மறைத்தது. அதற்காவது அது உதவியது. திரையில் சைபர்.

"திமிருக்கெல்லாம் இங்க மார்க் இல்லம்மா" என்று கைபேசியை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார்.

"தெம்புக்கும் இல்லையே சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முடிவை ஷிப்ட் தொடக்கத்தில் லைன் லீடர் படித்தார். தோழியின் பெயர் வந்தது. என் பெயர் வரவில்லை. எனக்குக் கொடுத்த தாளில் உடல் தகுதி போதாது என்று இருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "வேற கம்பெனில இதவிட நல்லதாவே கிடைக்கும்மா" என்றார். அவர் பார்த்தும் பார்க்காமலும் இருந்தே காலத்தை ஓட்டிவிடுவார். அப்படிப்பட்டவர்களை நல்ல மனிதர் என்று சொல்வதை நான் அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

தோழி என்னைக் கட்டிப்பிடிக்க வந்தாள். நான் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கழற்றி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு பெல் அடித்தது, பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

இப்போது ஶ்ரீபெரும்புதூரை ஒட்டி வேறொரு கம்பெனியில் வேலை செய்கிறேன். அங்கேயும் பயிற்சி ஆள்தான், முதலிலிருந்து. நேர்காணலில் முந்தைய இடத்தை ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். கைபேசிக்கு என் முழங்கால் தெரியவில்லை என்றேன். கேட்டவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். அவரோடு சேர்ந்து நான் சிரிக்கவில்லை. வேலை கொடுத்தார்கள். அம்மா ஊரில் யாரிடமும் காரணத்தைச் சொல்லவில்லை. சம்பளம் பத்தாமல் மாறிவிட்டாள் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அதற்கும் எனக்கு அவள்மேல் கோபம்.

போன மாதம் தோழி போன் செய்தாள். நான் எடுப்பேன் என்று அவளே நினைக்கவில்லைபோல, நான்தானா என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு நிறையப் பேசினாள். அந்தக் கைபேசி இன்னும் அங்கேதான் நிற்கிறதாம். புதிதாக ஒரு கூட்டம் பெண்கள் சேர்ந்திருக்கிறார்களாம். அவர்கள் யாருக்கும் உட்கார்ந்து எழுகிற கதையே தெரியாதாம். முதல் நாளே எதிரில் நிறுத்தி, கையை நீட்டி, இடுப்பை வளைத்துக் குனிவதுதான் இந்தக் கம்பெனி எக்ஸர்சைஸ் என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்களாம். அவர்களும் சிரிக்காமல் செய்கிறார்களாம்.

"யாரு சொல்லித் தராங்க? லைன் லீடரா?"

பின்னால் அவள் அறையில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"நாந்தாம்ட்டி சொல்லிக் குடுக்கேன்" என்றாள். "நிரந்தரம் ஆனவங்கள்ல என்னத்தான் அதுக்குப் போட்டிருக்காங்க."

அவளுடைய குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதைக் கேட்டிருக்காவிட்டால் ஒருவேளை இன்னும் பேசிக்கொண்டிருந்திருப்பேன். வைக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டேன்.